உயிரோடிருக்கும் டெனிஸுக்கு அஞ்சலி

அந்தத் தொலைபேசி அழைப்புக்காக சர் லாம்பர்ட் கிரீவ் பதினைந்து வருடம் காத்திருந்தார். அது ஒரு நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை காலை, அவர் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தபோது வந்தது.

"சர் டெனிஸ் ஓல்ராய்டுக்கு உடம்பு முடியலைன்னு கேள்விப்பட்டோம் சார்" என்றாள் வானொலி நிலையத்துப் பெண். பெயர் டாம்சின் என்று சொன்னாள். "ஒண்ணும் ஆகாது, ஆகவும் கூடாது. ஆனா நாங்க எதுக்கும் தயாரா இருக்கணும் இல்லையா? நீங்க வந்து அவரப் பத்தி ரெண்டு வார்த்தை பேசிக் குடுத்தீங்கன்னா பத்திரமா எடுத்து வெச்சுக்குவோம்."

"ஐயோ, டெனிஸா!" என்றார் லாம்பர்ட், குரல் தழுதழுக்க. அந்தத் தழுதழுப்பு அவருக்குக் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர். போனை வைத்ததும் இன்னொரு முட்டையை எடுத்துப் பாத்திரத்தில் போட்டார். வழக்கமாக ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறவர்.

லண்டன் நாடக உலகத்தில் பெரிய நடிகன் ஒருவன் கண்ணை மூடினால், அரை மணி நேரத்துக்குள் வானொலிக்காரர்கள் இன்னொரு பெரிய நடிகனின் குரலை ஒலிபரப்பிவிடுவார்கள். செத்தவனால் பதில் சொல்ல முடியாது. அதில்தான் சுகமே இருக்கிறது. லாம்பர்ட்டுக்கும் டெனிஸுக்கும் ஒரே வயது, எழுபத்தொன்பது. முதலில் போகிறவன் தோற்றவன். இருப்பவன் சொல்வதுதான் கடைசி வார்த்தை. லாம்பர்ட்டின் மேசை இழுப்பறையில் அந்தக் கடைசி வார்த்தை நான்கு பக்கத்துக்கு எழுதித் தயாராக இருந்தது. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் எடுத்துத் திருத்துவார். வேறு யாருக்கும் அவர் வாழ்த்து அட்டைகூட அனுப்பியதில்லை.

லாம்பர்ட் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. கிராய்டனில் ஆணியும் பெயிண்டும் விற்ற கிரப் என்பவரின் மகன் லென் அவர். நாடகப் பள்ளியில் சேர்ந்த இரண்டே வருடத்தில் கிராய்டன் பேச்சைத் தொண்டையிலிருந்து சுரண்டி எடுத்தெறிந்துவிட்டு, பிரபு வீட்டுப் பிள்ளையின் குரலைப் பொருத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் குளிருக்குத் தும்மினாலும் பிரபுவாகத்தான் தும்முவார். ஐம்பத்தேழு வருட மேடை. நாற்பது அரசர்கள், பதினோரு பாதிரியார்கள். கணக்கு அவருடையதுதான், கேட்காமலே சொல்வார். பிறகு அமெரிக்கப் படங்கள் கூப்பிட்டன. கலைக்காக மட்டுமே வாழ்வதாகப் பேட்டி கொடுத்துவிட்டு அடுத்த விமானத்தில் போய், நல்ல கோட்டு போட்டுக்கொண்டு உலகத்தை அழிக்கப் பார்க்கும் வில்லனாக ஆறு படங்களில் செத்தார். கார்ட்டூன் படத்தில் வளைக்கரடிக்குக் குரல் கொடுத்தார். கடைசியாக, இறைச்சிக்கு ஊற்றும் கிரேவிப் பொடி விளம்பரம். குழந்தைகளுக்கு அவர் கரடி, பெரியவர்களுக்கு கிரேவி.

மரியாதையாகச் சொல்லிக்கொள்ள ஒரே ஒரு காட்சி இருந்தது. 1971இல் வந்த படம். மகன் போரில் செத்த செய்தியைச் சிப்பாய் ஒருவன் வந்து சொல்கிறான். தளபதியாக வந்த லாம்பர்ட் வாய் திறக்கவில்லை, அழவில்லை. சிப்பாயின் சட்டையில் திறந்து கிடந்த பொத்தானை மெதுவாகப் போட்டுவிட்டு, அவன் தோளைத் தட்டி அனுப்பிவிடுகிறார். ஊரே அழுதது. விருது கிடைத்தது. அந்தப் பொத்தான் யோசனை எப்படி வந்தது என்று கேட்ட ஒவ்வொருவரிடமும், குளித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று தோன்றியது என்றே சொல்லிவந்தார்.

டெனிஸ் பிராட்ஃபோர்டில் கம்பளி ஆலைத் தொழிலாளியின் மகன். ஊர்ப் பேச்சை மாற்றிக்கொள்ளாமலே பெரிய ஆளானவன். சர் பட்டம் அவனுக்கு இரண்டு வருடம் முந்தி வந்துவிட்டது. லாம்பர்ட் அந்த இரண்டு வருடத்தை யாருக்கும் மன்னிக்கவில்லை, அரசியார் உட்பட.

வியாழக்கிழமை நிலையத்திலிருந்து கார் வந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துக் கடைசியில் கேட்டேவிட்டான்.

"சார், நீங்க அந்த கிரேவி ஆளு தானே?"

"மேடையிலும் கொஞ்சம் நடித்திருக்கிறேன்."

"அப்படியா? எனக்குத் தெரியாது சார். அந்த விளம்பர வசனத்த ஒரு தடவ சொல்லுங்களேன். என் வீட்டுக்காரி நம்பவே மாட்டா."

லாம்பர்ட் சன்னலுக்கு வெளியே தூறலைப் பார்த்தார். ஒரு ஆள் என்றாலும் ரசிகன் ரசிகன்தானே. "கட்டியே தட்டாது, கண்ணே!" என்றார், நாற்பது அரசர்களும் சேர்ந்து சொன்னது போல. ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான். சரியாகப் பன்னிரண்டுக்கு வாசலில் நிற்பதாகச் சொல்லி இறக்கிவிட்டுப் போனான். பதினொன்றுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். லாம்பர்ட் பத்தே முக்காலுக்கே உள்ளே போய் உட்கார்ந்தார். தாமதமாக வரும் நடிகனைச் சுட வேண்டும் என்பது அவர் கட்சி.

டாம்சினுக்கு முப்பது வயது இருக்கும். தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

"நன்றி, செல்லம்" என்றார். நாடகக்காரர்கள் எல்லோரையும் செல்லம் என்பார்கள். பெயரை நினைவில் வைத்துக்கொள்கிற வேலை மிச்சம்.

ஒலிப்பதிவு அறையில் அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மைக்கின் முன் உட்கார்ந்தார். அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கையசைத்தாள். லாம்பர்ட் நான்கு பக்கத்தையும் விரித்துத் தொண்டையைச் செருமினார்.

"டெனிஸ் ஓல்ராய்ட் ஓர் அபூர்வ நிகழ்வு. அவருடைய நடிப்பில் பயிற்சியின் சுவடே தென்படாது. எழுதப்பட்ட வசனத்தைத் தன் வசதிக்கேற்ப மாற்றிப் பேசும் துணிச்சலை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை. மதுவுடன் அவர் நடத்திய நீண்ட போராட்டத்தில் இரு தரப்பும் வீரத்துடன் நின்றன..."

ஒவ்வொரு வரியிலும் தேனைத் தடவி ஊசி வைத்திருந்தார். முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண் ஈரமாகவே இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும், தொழில் சுத்தம்.

"அருமை சார்" என்றாள் டாம்சின், காதுக்குள். "செய்தியில ஒரு பதினஞ்சு செகண்ட் எடுத்துக்குவோம்."

"பதினைந்து நொடியா? நான் நான்கு நிமிடம் பேசினேன்."

"தெரியும் சார். ஆனா கொஞ்சம்... பேப்பர்ல படிக்கிற மாதிரி இருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருந்த ஏதாவது ஒரு சம்பவம் சொல்ல முடியுமா? சர் டெனிஸ்கூட உங்களப் பத்திப் பேசும்போது..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

லாம்பர்ட் காகிதத்தைக் கீழே வைத்தார். "என்னைப் பற்றி எப்போது பேசினார்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் சிவந்தது. "போன மாசம் சார். அது வந்து... ஒரு வயசுக்கு மேல எல்லாருக்கும் எடுத்து வெச்சுடுவோம். வழக்கம்தான்."

ஆக, அவரும் பட்டியலில் இருந்தார். டெனிஸ் இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, லாம்பர்ட்டின் சாவுக்குப் பேசிவிட்டுப் போயிருக்கிறான். அதுவும் ஒரு மாதம் முந்தி. சர் பட்டத்தைப் போல இதிலும் முந்திக்கொண்டான். லாம்பர்ட்டின் காது மடல் சுட்டது. இழுப்பறையில் தூங்கிய நான்கு பக்கம் அந்த நிமிடமே அவருக்கு மறந்துபோயிற்று. அவன் என்ன சொன்னான் என்பதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"போடு, கேட்கிறேன்."

"ஐயோ, கூடாது சார். என் வேலையே போயிடும்."

"செல்லம், எனக்கு எழுபத்தொன்பது வயது. நான் போன பிறகு அதை ஊரே கேட்கும், நான் மட்டும் கேட்க மாட்டேன். இது நியாயமா?"

இந்த ஒரு வசனத்தை அவர் நடிக்கவில்லை. அதனாலோ என்னவோ அவள் இரங்கிவிட்டாள். காதுக்குள் டெனிஸின் கரகரத்த குரல் வந்தது.

"லாம்பர்ட்டா? நல்ல மனுஷன். நேரம் தவறவே மாட்டாரு. ஒரு நாள் லீவு போட்டதில்ல. ஷூ எப்பவும் பளபளன்னு இருக்கும். வசனம் ஒரு எழுத்து பிசகாது. நம்பி ஒரு வேலையக் குடுக்கலாம். அந்த கிரேவி விளம்பரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவ்வளவுதான்மா."

முப்பத்தெட்டு நொடி. அவன் திட்டியிருந்தால் லாம்பர்ட் கொண்டாடியிருப்பார். பொறாமை என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாகச் செத்திருப்பார். நேரம் தவறாதவன்! ரயிலுக்குச் சொல்கிற பாராட்டு அது. ஐம்பத்தேழு வருடத்தை அந்தக் குடிகாரன் துடைத்துப் பளபளப்பாக்கி ஒரு ஜோடி ஷூவுக்குள் போட்டுவிட்டான்.

"சம்பவம் கேட்டியே, பதிவு பண்ணு" என்றார் லாம்பர்ட். "இவன் யாருன்னு நான் சொல்றேன்."

டாம்சின் பயந்துபோய்ப் பொத்தானை அழுத்தினாள்.

"ஷெஃபீல்ட். ஐம்பத்தெட்டாம் வருஷம். ரெண்டு பேருக்கும் இருபத்தஞ்சு வயசு. வாரத்துக்கு ஒரு நாடகம் போடுற கம்பெனி. இவன் அரசன், நான் தூதன். எனக்கு மொத்தம் மூணு வரி. உங்க பொண்ணு செத்துட்டா ராஜாவேன்னு நான் சொல்லணும், இவன் ஒரு பக்கத்துக்குப் புலம்பணும். அந்தப் பக்கத்த இவன் படிக்கவே இல்ல. முந்தின ராத்திரி பூரா குடி. அன்னிக்கு இவன் மாட்டப்போறான்னு எனக்கு ஒரே சந்தோஷம். நான் வந்து சொன்னேன். இவன் பேசவே இல்ல. என்னையே பாத்தான். என் கோட்டுல ஒரு பட்டன் கழண்டு கிடந்துச்சு. கிட்ட வந்து அதப் போட்டு விட்டான். அப்பன் புள்ளைக்குப் போட்டு விடுவான் பாரு, அப்படி. கொட்டகைல ஒரு பய மூச்சு விடல. எனக்கு அடுத்த வரியே மறந்துபோச்சு. நான் வசனம் மறந்தது வாழ்க்கையிலயே அந்த ஒரு தடவைதான்."

டாம்சின் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் குரல் பிரபு வீட்டுக் குரல் அல்ல. கிராய்டன் ஆணிக் கடையிலிருந்து நேராக வந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

"வெளிய போய்க் குப்பைத் தொட்டி பக்கத்துல நின்னு வாந்தி எடுத்தேன். ஏன்னா தெரிஞ்சுபோச்சு. நான் எவ்வளவு உழைச்சாலும் இது எனக்கு வராது. வரவே இல்ல. பதிமூணு வருஷம் கழிச்சு சினிமாவுல அத அப்படியே எடுத்துப் போட்டேன். குளிக்கும்போது தோணுச்சுன்னு சொன்னேன். எங்க அப்பன்கிட்ட ஒரு ஆணி திருடினதில்ல நான். இவன்கிட்ட திருடினேன். இவன் ஒரு நாளும், ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அதுக்குத்தான் இவன எனக்குக் கண்டாலே ஆகாது. போதும்."

திட்டத்தான் ஆரம்பித்தார். எங்கே திரும்பியது என்று அவருக்கே தெரியவில்லை. டாம்சின் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"சார், இதுதான் சார். பதினஞ்சு செகண்ட் கிடையாது, முழுசா போடுறோம். நான் சண்டை போட்டாவது போட வைக்கிறேன்."

அந்தக் கைக்குட்டையைப் பார்த்ததும் சர் லாம்பர்ட்டுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. முழுசாகவா? ஊரெல்லாமா? அந்த விருது வரவேற்பறை மாடத்தில் இருக்கிறது, தினமும் துடைப்பார். நாளைக்கு அவர் செத்தாலும் பொத்தான் திருடன் என்றுதான் எழுதுவார்கள். தொண்டையைச் செருமினார். பிரபு திரும்பி வந்தார்.

"அதை அழித்துவிடு, செல்லம்."

"சார்!"

"முதலில் பேசியதை வைத்துக்கொள். இதை என் கண் முன்னால் அழி."

அவள் கெஞ்சிப் பார்த்தாள். அவர் கதவைத் தாண்டி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். திரையில் அவர் பேச்சைக் காட்டிய ஒலிக்கோடு மறையும்வரை நகரவில்லை. மறைந்த பிறகு தன் மேல்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி" என்றாள் டாம்சின், மேசையைப் பார்த்துக்கொண்டே. "சர் டெனிஸும் இதே இடத்துல நின்னாரு. அழிச்ச பிறகுதான் போனாரு."

லாம்பர்ட்டின் கை கோட்டின் பாதிப் பொத்தானில் நின்றது. "எதை அழித்த பிறகு?"

"மொதல்ல ஆறு நிமிஷம் உங்களப் பத்திப் பேசினாரு சார். அத அழிக்கச் சொல்லிட்டு, அப்புறம்தான் இந்த ஷூ கதைய எல்லாம் சொன்னாரு. அவரும் ஏதோ பட்டனப் பத்தித்தான் சொன்னாரு. எனக்கு அன்னிக்கு ஒண்ணும் புரியல, இன்னிக்குத்தான் புரியுது."

"என்ன சொன்னான்?"

"'குடிச்சிட்டு வசனம் மறந்துபோய் என்ன பண்றதுன்னு தெரியாம நான் பண்ணினது அது. அவன் அத எடுத்துப் பத்திரமா வெச்சிருந்து, நானே அழற மாதிரி பண்ணிட்டான். தியேட்டர்ல உக்காந்து அழுதேன். அவன்தான் நடிகன்'னு சொன்னாரு."



"அப்புறம் ஏன் அழித்தான்?"

"'இதக் கேட்டா அவனத் தரையில பிடிக்க முடியாது, ஷூவே போதும்'னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு." டாம்சின் எழுந்து ஒலிப்பதிவு அறையின் கதவைத் திறந்து பிடித்தாள். "அவர் இன்னும் உயிரோடதான் சார் இருக்காரு. உள்ள வாங்க. இன்னொரு தடவ பேசுங்க. இன்னும் ஒரு மணி நேரம் அறை நமக்குத்தான். பேசி முடிச்சதும் ஆஸ்பத்திரிக்கே அனுப்பி வைக்கிறேன், அவரே கேக்கட்டும்."

உள்ளே மைக்குக்கு மேல் சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலி அவர் எழுந்துபோன கோணத்திலேயே கிடந்தது. லாம்பர்ட் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆணிக் கடை லென் கிரப் ஒரு அடி எடுத்து வைத்தான். அதை டாம்சின் பார்த்தாள்.

பிறகு அவர் மிச்சப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி பன்னிரண்டு ஆகப்போகிறது" என்றார். "கார் வந்து நிற்கும். நேரம் தவறினால் நன்றாக இருக்காது."