கண்டக்டர் போட்ட உதை

டாக்டர் சொன்னபோது எங்களுக்குச் சிரிப்புதான் வந்தது.

"நடுக்குவாதத்துக்கு கிக்பாக்ஸிங்கா? கையில டம்ளரே நிக்க மாட்டேங்குது, இவர் யாரை உதைக்கப் போறாரு?"

"ஆளை இல்லம்மா, 'பேடு'ன்னு ஒரு மெத்தையை. ஒரு கால் உதைக்கும்போது இன்னொரு கால் மொத்த உடம்பையும் தாங்கணும். அதுதான் மருந்து. நோய் போகாது. ஆனா விழாம இருப்பாரு. ஒவ்வொரு அடிக்கும் சத்தமா மூச்சு விடச் சொல்வாங்க, குரலும் கொஞ்சம் தேறலாம்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் ஒப்புக்கொண்டேன். என் வீட்டுக்காரர் முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டர். கடைசி சீட்டில் குறட்டை விடுகிறவனும் அலறிக்கொண்டு இறங்குவான், அப்படி ஒரு தொண்டை. தெருமுனையிலிருந்தே "ஏய் டெய்லரு, கதவைத் திற!" என்பார். தையல் மெஷின் சத்தத்தைத் தாண்டி எனக்குக் கேட்கும். இப்போதோ பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டால்கூட "என்னங்க? என்னங்க?" என்று மூன்று தடவை கேட்பேன். மூன்றாவது தடவை "ஒண்ணுமில்ல" என்றுவிடுவார்.

பயிற்சிக் கூடம் ஒரு டயர் கடைக்கு மேலே. மாஸ்டர், என் மகள் வயசுப் பெண். இடது குத்து, வலது குத்து, அப்புறம் உதை. அடிக்கிறவர்தான் எண்ண வேண்டும். தலையணை போலிருந்த பேடைப் பிடித்துக்கொண்டு நான் எதிரே நின்றேன்.

"சத்தமா எண்ணுங்கய்யா. ஒண்ணு, ரெண்டு, மூணு."

பழக்கதோஷம் விடுமா?

"ஏறு! உள்ள போ! போலாம்!"

'போலாம்' என்றபோது அவர் கால் என் இடுப்பு உயரத்துக்கு வந்து பேடில் பட்டது. கூடமே திரும்பிப் பார்த்தது.

"டிக்கெட் எடுத்தாச்சாம்மா?" என்றாள் மாஸ்டர் என்னிடம்.

அடுத்த வாரம் எல்லோரும் அப்படித்தான் எண்ணினார்கள்.

ஒன்றரை வருஷம். சட்டைப் பொத்தானை அவரே போட்டார். கைப்பிடியைத் தொடாமல் மாடி ஏறினார். அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். ஒருநாள் தெருமுனையிலிருந்து "டெய்லரு!" என்று கேட்டது. மெஷினை நிறுத்தத் தோன்றாமல் தலையைத் தூக்கியதில் ஊசி விரலில் ஏறிவிட்டது. வலிக்கவே இல்லை.

நோய் போகாது என்று டாக்டர் சொன்னதை நான்தான் மறந்துபோனேன்.

போன மாதம் ஒருநாள் 'ஏறு' சன்னமாக வந்தது. 'உள்ள போ' வரவே இல்லை. கால் பசை போட்டதுபோல் தரையோடு ஒட்டிக்கொண்டது. பேடை முழங்காலுக்கு இறக்கினேன். அப்புறம் கணுக்காலுக்கு.

"போலாம்!" என்றது கூடம், அவருக்காக.

நான் மட்டும் சொல்லவில்லை. அவர் சொல்லட்டும் என்று குனிந்தபடியே காத்திருந்தேன்.

"அய்யாவை உக்கார வைங்கம்மா" என்றாள் மாஸ்டர்.

நாற்காலியில் உட்கார்ந்தவர் என் கையிலிருந்த பேடைப் பிடித்து இழுத்தார். மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தாடையை ஆட்டினார்.

"நானா? இந்த வயசுலயா?"

"உதைங்கம்மா. ஒன்றரை வருஷமா வாங்கிட்டுத்தானே இருந்தீங்க."

இடது குத்து. "ஏறு." வலது குத்து. "உள்ள..."

அவர் நடுங்கும் இரண்டு கைகளாலும் பேடைப் பக்கவாட்டில் நீட்டினார். உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

"என்னங்க?" என்று நான் கேட்கவில்லை. காலைத் தூக்கினேன்.