ஏழு மணிக்கு இனி எந்த நாடகம்

'ஏழாம் வீட்டு மருமகள்' சனிக்கிழமையோடு முடிந்துவிட்டது. மூன்றரை வருஷம் ஆட்டிப்படைத்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் திருந்தி, வரிசையாக நின்று கும்பிடு போட்டார்கள். அரை மணி நேரத்தில் மொத்தக் கதையையும் மூட்டை கட்டிவிட்டார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் கற்பகம் வழக்கம்போல டிவிக்கு நேராகத் தரையில் உட்கார்ந்து மத்தாப்புப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஓரகத்தி ஐஸ்வர்யா ரிமோட்டை வைத்துக்கொண்டு சேனல் சேனலாகத் தாவினாள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள் இருவரும். குடியிருப்பதும் ஒரே வீட்டில்தான். கற்பகத்தின் வீட்டுக்காரர் தங்கச்சாமி ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்கு ஷிப்டு போயிருந்தார். ஐஸ்வர்யாவின் வீட்டுக்காரர் காளிராஜ் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய் நாலு நாளாகிறது.

"என்னக்கா பேசாம இருக்கீக? எதைப் பாக்கன்னு சொல்லுங்க."

"எதையாவது வையி."

"எதையாவதுன்னா எப்படி? ஒரு நாளு ரெண்டு நாளு சோலியா இது? மூணு வருசம் இதுகூடக் குடித்தனம் பண்ணணும். மாப்பிள்ளை பாக்குற மாதிரி விசாரிச்சுல்ல எடுக்கணும்? இந்தா, இதுல ஒருத்தனுக்கு ரெண்டு பொண்டாட்டி."

"எல்லாத்துலயும் அந்தக் கூத்துதான்."

"இதுல அது அவளுக ரெண்டு பேருக்குமே தெரியாதாம். சரி, இது வேண்டாமா? இது பேய்க் கதை. செத்துப்போன அக்கா, தங்கச்சி மேல வந்து பேசுறா."

"அது வேண்டாம்."

பட்டென்று வந்த பதிலில் ஐஸ்வர்யா திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"பயமா? அப்ப போன்லதான் பாக்கணும். போலீஸ் கதை ஒண்ணு இருக்கு, எட்டே எட்டு எபிசோடு. இந்திக்காரக எடுத்தது, தமிழ்ல பேசுறாக. வாய் ஒரு பக்கம் போகும், பேச்சு ஒரு பக்கம் போகும். ஆனா ஒவ்வொரு எபிசோடு கடைசியிலயும் ஒரு முடிச்சுப் போட்டு விட்டுருவாகளாம். எனக்கு நாளைக்குக் கொண்டு போக ஒரு கதை வேணும்க்கா. இன்னைக்கு ரூம்ல கதை இல்லாம அம்புட்டுப் பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாளுக."

கற்பகத்தின் விரல் பசையிலேயே நின்றது.

"எந்த ரூம்ல?"

"எங்க ரூம்லதான். தரைச் சக்கரத்துக்கு வெடிமருந்து போடுற ரூம்."

"அங்கன நீ கதை சொல்றியா?"

"பின்ன? எட்டு மணி நேரம் வாயப் பொத்திக்கிட்டு மருந்து போட முடியுமா? உங்ககிட்டக் கேட்டுப் படிச்சதுதான். 'உங்க கற்பகத்தக்கா சொன்ன மாதிரியே சொல்றடி'ன்னு பொன்னுத்தங்கம் அத்தை சொல்லுது."

"எத்தனை பேரு கேப்பீக?"

"ஒரு ரூமுக்கு நாலு பேருக்குத்தான உத்தரவு? நாலு பேருதான்."

"ஐசு. எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

ஐஸ்வர்யா ரிமோட்டைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "பக்கத்து ரூம்காரிக ஒரு மூணு பேரு, தட்டைத் தூக்கிட்டு வந்து உக்காருவாளுக. போர்மேன் சத்தம் கேட்டா ஓடிருவாளுக. அதுக்கு ஏன் இப்படிப் பாக்கீக?"

நாலும் மூணும் ஏழு. கற்பகம் விரலைப் பழைய துணியில் துடைத்தாள். துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், வெம்பக்கோட்டை ரோட்டில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவள் வேலை பார்த்தபோதும் ஏழு பேர்தான். கற்பகம் கதை சொன்னால் 'அவன் போனான், இவள் வந்தாள்' என்ற பேச்சே இருக்காது. மாமியார் மூக்கால் பேசுவாள், மருமகள் தொண்டைக்குள் பேசுவாள், மாமனார் ஒவ்வொரு சொல்லுக்கும் இருமுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் டிவியே வேண்டாம். முந்தின நாள் நாடகத்தை மறுநாள் காலையில் அவள் ரூமில் கேட்பதற்காகப் பக்கத்து ரூம்களிலிருந்து மருந்துத் தட்டோடு வந்து நெருக்கி உட்காருவார்கள். போர்மேன் காசிராஜன் வாசலில் நின்று கத்துவார்: "ஏத்தா, அவங்கவங்க ரூமுக்குப் போங்கத்தா. வேலைய விட்டு நிப்பாட்டிருவேன்." போவார்கள். அவர் தலை மறைந்ததும் வருவார்கள்.

அன்றைக்கு இரண்டு தடவை விரட்டினார். மூன்றாம் தடவை விரட்ட அவருக்கு நேரமில்லை. லோடு ஏற்ற லாரி வந்துவிட்டது. கற்பகம் கதையில் நல்ல கட்டத்தில் இருந்தாள். மருமகள் வீட்டில் தனியாக இருக்கிறாள். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவள் நடுங்கிக்கொண்டே தாழ்ப்பாளில் கை வைக்கிறாள்.

அந்த இடத்தில் கற்பகம் எழுந்துவிட்டாள். "இருங்கடி, தண்ணி குடிச்சிட்டு வந்து சொல்றேன்."

சுப்புத்தாயின் மகள் ரோஷினி அவள் சேலையைப் பிடித்தாள். பத்தொன்பது வயது. "அத்தை, அத்தை, யாருன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"வந்து சொல்றேன்டி. அதுக்குள்ள என்ன குடியா முழுகிரும்?"

தண்ணீர் குடிக்க ஒரு நிமிஷம் போதும். குடித்த பிறகும் வேப்ப மரத்தடியில் நின்றாள். கொஞ்சம் தவிக்கட்டும் என்றுதான் நின்றாள். அப்போது பூமி ஒரு தரம் தூக்கிப் போட்டது.

ஆறு பேர்.

விசாரணைக்கு வந்த அதிகாரி பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். "நாலு பேர் இருக்கவேண்டிய அறையில் ஏழு பேர் எப்படி வந்தார்கள்? நீதானே அந்த அறையில் வேலை பார்த்தது?"

"எனக்குத் தெரியாதுங்க ஐயா. நான் தண்ணி குடிக்கப் போயிருந்தேன்."

அளவுக்கு மீறி ஆட்களை உட்கார வைத்து வேலை வாங்கியதாகக் காசிராஜன் மேல் வழக்கு எழுதினார்கள். நாற்பத்தேழு நாள் உள்ளே இருந்தார். வெளியே வந்த பிறகு எந்தக் கம்பெனியும் சேர்க்கவில்லை. இப்போது ஆடு மேய்க்கிறார்.

கற்பகம் அப்புறம் பட்டாசுக் கம்பெனி வாசலை மிதிக்கவில்லை. ஆனால் நாடகத்தை மட்டும் ஒரு நாள் விடாமல் பார்த்தாள். "ஆறு பேரு செத்தும் இவளுக்கு நாடகம் கேக்குது பாரு" என்று தெருவில் பேசினார்கள். பாதிக் கதையோடு போனவர்களுக்காக மீதியைக் கேட்டு வைக்க வேண்டும் என்று தோன்றியதை அவள் யாரிடம் சொல்ல முடியும்?

"ஐசு, நாளையிலேருந்து அங்கன கதை சொல்லாத."

"ஏனாம்?"

"சொன்னாக் கேளு."

"நீங்க மட்டும் சொன்னீகள்ல?" ஐஸ்வர்யாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க கம்பெனி மாதிரியா எங்க கம்பெனி? அந்தப் பாவி காசிராஜன் காசுக்கு ஆசைப்பட்டு ஏழு பேர ஒரே ரூம்ல அடைச்சான், வெடிச்சுது. எங்க போர்மேன் நாலு பேருக்கு மேல ஒரு ஆளு போட மாட்டாரு. நாங்களா போயி அஞ்சு நிமிசம் உக்காந்து எந்திரிக்கிறதுல என்ன வந்துரும்?"

கற்பகம் பசைக் கிண்ணத்தை மூடினாள். பள்ளிக்கூடத்தில் அவள் சொன்ன பொய், சுற்றி வளைத்துத் தன் வீட்டுக்குள்ளேயே வந்து, ஐசுவுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணும் பேசலைன்னா போலீஸ் கதைதான்" என்று ஐஸ்வர்யா போனை எடுத்து, இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள்.

காலையில் டிபன் வாளியில் சோற்றை அமுக்கிக்கொண்டே சொன்னாள்: "முதல் எபிசோடு பாத்துட்டேன்க்கா. என்ன கதைங்கீக! ஒரு கை மட்டும் கிடைக்குது. யாரு கைன்னு தெரியல. மத்தியானம் வரைக்கும் இழுத்துருவேன்."

ஏழு மணிக்குக் கம்பெனி வேன் தெருமுக்கில் வந்து நின்றது. ஐஸ்வர்யா ஏறினாள். அவள் பின்னாலேயே கற்பகம் ஏறினாள்.

"அக்கா, நீங்க எங்க?"

"கேட்டு வரைக்கும் வாரேன். நகரு."

வேனுக்குள் பதினைந்து பதினாறு பேர் இருந்தார்கள். டிரைவருக்குப் பின் சீட்டில் சுப்புத்தாய். மகளை எடுத்துப் புதைத்து, பதினாறாம் நாள் காரியம் கழிந்ததும் இந்தக் கம்பெனியில் சேர்ந்தவள். வேறு வேலைக்கு எங்கே போவது? கற்பகத்தைப் பார்த்ததும் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டாள்.

"அடேயப்பா, கதைக்காரி வந்துட்டா!" பின்னாலிருந்து பொன்னுத்தங்கம் கத்தினாள். "உம் பழைய நாடகந்தான் முடிஞ்சுபோச்சே, இனி என்ன பாக்கப் போறீக ரெண்டு பேரும்? எங்களுக்கும் சேத்துச் சொல்லு தாயி."

"புதுசு ஒண்ணு இருக்கு" என்றாள் கற்பகம். "ஒரு நாள் கதை. வேன் போய்ச் சேருறதுக்குள்ள முடிஞ்சிரும்."

"இழுக்காம முடியிற நாடகமும் இருக்கா? எந்த டிவிக்காரன்டி அந்தப் புண்ணியவான்? சொல்லு, சொல்லு."

ஐஸ்வர்யா ஆச்சரியமாகப் பார்த்தாள். கற்பகம் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு ரூமு. அதுல ஒருத்தி கதை சொல்லிக்கிட்டு இருக்கா. சுத்தி ஆறு பேரு. வாசல்ல ஒருத்தரு வந்து நிக்காரு." குரலைக் கரகரப்பாக்கினாள். "'ஏத்தா, அவங்கவங்க ரூமுக்குப் போங்கத்தா. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எந் தலைதான உருளும்?'"

இரண்டு பேர் சிரித்தார்கள். "அசல் போர்மேன்!" என்றாள் ஒருத்தி.

"'சரிண்ணே, போறோம்ணே.' போறாளுக. அவரு அங்கிட்டுப் போனதும் இங்கிட்டு வாராளுக. 'நீ சொல்லு மதினி.' 'எங்க விட்டேன்?' 'கதவத் தட்டுனான், அங்க விட்ட.' அப்பத்தான் கதைக்காரிக்கு ஒரு கிறுக்கு வருது. 'இருங்கடி, தண்ணி குடிச்சிட்டு வாரேன்.'"

சிரிப்பு நின்றிருந்தது. டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டான். காசிராஜனின் குரலை அந்த வேனில் பாதிப் பேர் அறிவார்கள்.

கற்பகம் முன்னால் ஓடும் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "'அத்தை, அத்தை, யாருன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.' 'வந்து சொல்றேன்டி. அதுக்குள்ள என்ன குடியா முழுகிரும்?' தண்ணி குடிச்சவ உடனே வரல. மரத்தடியில நின்னா. தவிக்கட்டும்னு நின்னா. பக்கத்து ரூம்காரிக அவங்கவங்க ரூமுக்குப் போகாம, ஆறு பேரும் அவ வந்து சொல்லுவான்னு உக்காந்திருந்தாக."

யாரோ "ஆத்தாடி" என்றார்கள்.

"அப்புறம் ஒரு ஆபீசரு. 'ஏழு பேர் எப்படி வந்தார்கள்?' 'எனக்குத் தெரியாதுங்க ஐயா.' அம்புட்டுதான் கதை. அவ வாயில வந்த அந்த ஒரு சொல்லுக்குத்தான் காசிராஜன் அண்ணன் உள்ள போனாரு. அவரு யாரையும் அடைக்கல. நாந்தான் அடைச்சேன்."

வேன் தார் ரோட்டை விட்டு மண் பாதையில் இறங்கியது. சிவப்பு எழுத்துப் பலகை போட்ட கேட்டில் நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை.

சுப்புத்தாய் பையின் வாரைச் சுருட்டினாள், விரித்தாள்.

"எம் மக கடைசியா என்ன பேசுனான்னு உங்கிட்ட எத்தனை தடவை கேட்டேன்? 'ஒண்ணும் பேசல மதினி, வேலை பாத்துக்கிட்டு இருந்தா'ன்ன."

"ஆமா மதினி."

"கதையாடி கேட்டா?"

"ஆமா."

சுப்புத்தாய் அவளை அடிப்பாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். கற்பகமும் அதற்குத்தான் முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தாள்.

"யாரு வந்தது?"

"மதினி?"

"கதவத் தட்டுனது யாரு? எம் மக கேட்டாள்ல. சொல்லு."

சுப்புத்தாய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லுடி!"

"பால்காரன், மதினி."

"பால்காரனா?"

"பால்காரன்தான். விளம்பரத்துக்கு முன்ன இழுக்கத்தான் சும்மா தட்ட விட்டாக. பால ஊத்திட்டுப் போயிட்டான்."

சுப்புத்தாய் கையை எடுத்தாள். "பால்காரன்" என்று தனக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கேட்டுக்குள் போகிறவரை திரும்பவே இல்லை. மற்றவர்களும் கற்பகத்தின் மேல் படாமல் ஒதுங்கி ஒதுங்கி இறங்கினார்கள்.

கடைசியாக ஐஸ்வர்யா. இறங்கியதும் பொன்னுத்தங்கம் எதையோ சொல்லிக்கொண்டே அவள் கையைப் பிடித்தாள். ஐஸ்வர்யா கையை உருவிக்கொண்டாள்.

"எங்கிட்ட வராதீக அத்தை. உங்க ரூமுக்குப் போங்க. யாரும் எங்க ரூமுக்கு வராதீக."

அவளும் கற்பகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த வீட்டில் யார் எதைப் போட்டாலும், தன்னிடம் கேட்க மாட்டார்கள் என்பது கற்பகத்துக்குத் தெரிந்தது. ஷெட்டு ஷெட்டாகத் தள்ளித் தள்ளி நின்ற ரூம்களுக்குள் பெண்கள் நுழைவதை, கண்ணுக்கு எட்டியவரை எண்ணினாள். அப்புறம் வாட்ச்மேன் கேட்டைச் சாத்திவிட்டார்.

"அக்கா, ஊருக்குத்தான? கொண்டுபோய் விடட்டா?" என்றான் டிரைவர். அவனும் கண்ணாடி வழியாகத்தான் பேசினான்.

"காசிராஜன் அண்ணன் வீடு எங்கன?"

"விஸ்வநத்தம் போற வழியில. இந்நேரம் ஆட்டைப் பத்திக்கிட்டுப் போயிருப்பாரு. வர மத்தியானத்துக்கு மேல ஆகும்."

"அங்கன இறக்கி விடு" என்றாள் கற்பகம். "வர்ற வரைக்கும் இருக்கேன்."