போர்வையில் ஏறியது

தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் நாடாவின்மேல் நாத்தனாரை நிற்கவைத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று கருவியைப் பிடித்தேன். வீட்டுக்கு அனுப்பலாம் என்கிற அளவுக்குக் கதிர்வீச்சு இறங்கியிருந்தது. போகலாம் என்றதும், கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டே சிரித்தாள். இந்த அறைக்குள் அடைத்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

தைராய்டில் புற்று. அறுவை முடிந்து, மிச்சத்தை எரிக்கக் கதிரியக்க அயோடின் மாத்திரை கொடுத்திருந்தோம். அதை விழுங்கியவரே கொஞ்ச நாளைக்குக் கதிர்வீசுவார். வேர்வை, எச்சில் எல்லாவற்றிலும் அது கசியும். அது அடுத்தவரைத் தீண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த ஆஸ்பத்திரியில் என் வேலை. வீட்டில் எனக்கு 'மீட்டர் அண்ணி' என்று பெயர். பல் துலக்கும் பிரஷைக்கூட அளந்துவிட்டுத்தான் வாயில் வைப்பேனாம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவளுக்கு நோயைவிடப் பெரிய கவலை, ஒன்றரை வயது மகள். வீட்டுக்குப் போனாலும் மூன்று வாரம் குழந்தையைத் தூக்கக் கூடாது, பக்கத்தில் படுக்கவைக்கக் கூடாது. அந்த வாண்டோ அம்மாவின் கழுத்தில் மூக்கைப் புதைத்தால்தான் கண்ணை மூடும். அப்பா தோளில் போட்டு விடிய விடிய நடந்தும் பாச்சா பலிக்கவில்லை.

அவள் பக்கத்தில் இருந்தால் கருவி அவளைத்தான் அளக்கும். அதனால் ஈயக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளை நிறுத்திவிட்டு, சாமான்களை இந்தப் பக்கம் மேஜையில் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பிளாஸ்டிக் உறை போட்ட போன், சுத்தம். மூக்குக் கண்ணாடி, பரவாயில்லை. பையின் அடியில் மடித்து வைத்திருந்த குழந்தைப் போர்வையின் அருகே போனதும் கருவி படபடவென்று அடித்துக்கொண்டது.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. திரும்பக் கொண்டுபோக வேண்டிய துணி எதையும் உள்ளே கொண்டுவராதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அதைச் சொல்லித் திட்டவும் செய்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ராத்திரி பகலா அதைத்தான் அண்ணி போத்திக்கிட்டிருந்தேன். என் வாசம் ஏறட்டும்னு. நான்தான் தூக்கக் கூடாது. இதை மோந்துக்கிட்டாவது தூங்குவாள்ல."

வாசம் ஏறின அதே வேர்வையில்தான் அயோடினும் ஏறியிருந்தது. எத்தனையோ பேருடைய துணிகளை இந்த மேஜையில் பிரித்துப் போட்டிருக்கிறேன்; இதைப் பிரிக்காமல் மடித்தபடியே விட்டேன். துவைத்தால் போய்விடுமா என்று கேட்டாள். பெரும்பாலும் போகும் என்றேன். வாசமும் போய்விடுமே என்றாள். துவைக்காமல் ஈயப் பெட்டியில் போட்டுவைத்தால் தானாகக் குறையும், ஆனால் மூன்று மாதமாகும் என்றேன். அதற்குள் அவளே குழந்தையைத் தூக்கிக்கொள்ளலாம்.

சட்டென்று அவளுக்கு ஒரு யோசனை. ஆஸ்பத்திரிக்கு வருமுன் கழற்றிப்போட்ட நைட்டி வீட்டில் அழுக்குக் கூடையில் கிடக்கும். மாத்திரை சாப்பிடுவதற்கு முந்தியது, அதில் ஒன்றும் இருக்காது. எனக்கும் உயிர் வந்தது. போனை அவளிடம் நீட்டினேன். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்காரரிடம் கேட்டாள்.

"அழுக்குக் கூடையா? நீ வர்றேன்னு நேத்தே எல்லாத்தையும் துவைச்சுட்டேன். தலகாணி உறைகூட விடல. வீடு பளபளன்னு இருக்கு, வந்து பாரு" என்றார் அவர், பெருமையாக.

"நல்லதுங்க" என்று வைத்துவிட்டாள்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாழாய்ப்போன சிரிப்புதான் முதலில் வந்தது, இரண்டு பேருக்கும். அவள் சிரிப்பு பாதியிலேயே உடைந்துவிட்டது.

கையுறையை மாட்டிக்கொண்டு போர்வையை ஈயப் பெட்டிக்கான பையில் போடப் போனேன். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள். பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இருந்தாலும் சத்தத்தை அணைத்துவிட்டு, அவள் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி கருவியைப் பிடித்தேன். முள் விருட்டென்று மேலே போனது.

"கொஞ்சம் தள்ளிப் பிடிங்க அண்ணி."

ஓரடி பின்னால் வந்தேன். முள் தாழ்ந்தது.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் ஓரடி. முள் இறங்கிக்கொண்டே வந்தது. அவள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வந்து வந்து என் முதுகு தடுப்பில் இடித்தது. அதற்குமேல் முள் இறங்கவில்லை, லேசாக ஏறத் தொடங்கியது. இப்போது அது காட்டியது, தடுப்பையும் மீறி, எனக்குப் பின்னால் நின்ற அவளை.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.