பிஸ்னஸ் கிளாஸில் சம்மந்தி

முதலில் சம்மந்தியின் கோபத்தைச் சொல்லிவிட்டுத்தான் விமானத்தில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது விளங்காது.

சம்மந்தி கச்சிமுகம்மதுவின் மகன் றிஸ்கானுக்குத்தான் என் மகள் நஜ்லாவைக் கொடுத்திருக்கிறேன். கல்யாண விருந்தில் எங்கள் வழக்கப்படி ஒரு சஹனுக்கு நான்கு பேராக, ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் தம்பி ஹஸன் இறைச்சிக் கறியோடு வந்து, போடட்டா என்று கேட்டான். சம்மந்தி வேணாம் என்றார். ஹஸன் அடுத்த சஹனுக்குப் போய்விட்டான்.

எங்கள் பக்கத்தில் முதல் 'வேணாம்' வெறும் மரியாதைக்கு. இரண்டாவது, கேட்கிறவர் மனமாகத்தான் கேட்கிறாரா என்று பார்ப்பதற்கு. மூன்றாம் தரம் கேட்டால்தான் விருந்தாளி கையை விலக்கி இடம் விடுவார். ஹஸனுக்கு இது தெரியாதது அல்ல. அவசரத்தில் மறந்துவிட்டான். சம்மந்தி மறக்கவில்லை. ஒலுவில் துறைமுகத்தில் தன் போட்டுகள் கரைக்கு வரும்வரை நிற்கிற நேரத்திலும், பக்கத்தில் யார் நின்றாலும், "பொண்ணூட்டாக்கள் ஒருக்காத்தான் கேட்டாங்க" என்று தொடங்கிவிடுவார். நற்பிட்டிமுனையில் என் வயலுக்கு மருந்தடிக்க வந்தவர்கூட ஒருநாள் என்னிடம் அந்த இறைச்சியைப் பற்றி விசாரித்தார்.

இப்படியிருக்க, மகளும் மருமகனும் இருக்கிற டோஹாவில் பேரன் பிறந்தான். எங்கள் இருவரின் மனைவிமாரும் பிரசவத்துக்கு முன்னமே போய்விட்டார்கள். முடி இறக்கி, பேர் வைக்கும் விருந்துக்கு வரச்சொல்லி ஆண்கள் எங்கள் இருவருக்கும் மருமகன் டிக்கெட் அனுப்பினார். அடிக்கடி பறந்து சேர்த்த புள்ளிகளைக் கொடுத்து ஓர் இருக்கையைப் பிஸ்னஸ் கிளாஸுக்கு மாற்றியும் இருந்தார். புள்ளிகள் ஒன்றுக்குத்தான் போதுமாக இருந்தன. அதை என் பேரில் போட்டுவிட்டார். மாமாவுக்கு முழங்கால் நோவு, கால் நீட்டிப் போகட்டும் என்று நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் பெற்ற வாப்பா பின்னால், பொண்டாட்டியின் வாப்பா முன்னால் என்று ஆகிவிட்டது.

விஷயத்தைச் சொன்னபோது சம்மந்தி, "நல்லதுதானே" என்றார். அவ்வளவுதான். அவர் வாயில் அந்தச் சொல் வந்தால் கோபம் என்று அர்த்தம்.

அன்றே என் மனைவி ஹாஜறா டோஹாவிலிருந்து அழைத்தாள். "அவர்ர முகம் கோணாமக் கூட்டி வாங்க. கோணிச்செண்டா நம்மட புள்ளதான் காலம் பூரா கேட்டுக்கிட்டு இரிக்கணும். வேற ஒரு வேலையும் உங்களுக்கு இல்ல" என்றாள்.

கல்முனைக்குடியிலிருந்து கட்டுநாயக்கா வரை வேனில் சம்மந்தி வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். மஹியங்கனையில் தேத்தண்ணி குடிக்க இறங்கினோம். வேணாம் என்றார். நான் முறைப்படி மூன்று தரம் கேட்டேன். குடித்தார். முகம் மட்டும் அப்படியே இருந்தது.

விமான நிலையத்தில் என் இருக்கைச் சீட்டை அவர் கையில் வைத்தேன். உங்கட மருமகன் உங்களுக்குத் தந்தது என்று திருப்பித் தந்தார். மறுபடி வைத்தேன். மறுபடி திரும்பி வந்தது. மூன்றாம் தரம் வைத்தபோது, "நீங்க இவ்வளவு செல்றதால" என்று, என் சொல்லைத் தட்ட முடியாதவர்போல வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

விமானத்துக்குள் ஒரு பணிப்பெண்ணிடம் விஷயத்தை விளக்கினேன். கொழும்புத் தமிழ்ப் பிள்ளை, கேசினி என்று நெஞ்சில் பேர் குத்தியிருந்தது. அவள் தன் மேலதிகாரியிடம் கேட்டு வந்து, மாறி உட்காரலாம் என்றாள். சம்மந்தி முன்னால் போனார். நான் பின்னால் போய், இரண்டு தடித்த மனிதருக்கு நடுவில், முழங்காலை முன் இருக்கையில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தேன். நோவு இருந்தது. ஆனால் பொறுப்பு இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

சாப்பாடு வந்தது. கோழிப் புரியாணி, ஒரு பணிஸ் ரொட்டி, சின்னக் கோப்பையில் தயிர். மூடியைத் திறக்கப் போனவனுக்கு, சம்மந்திக்கு முன்னால் என்னென்ன வைத்திருப்பார்கள் என்று பார்க்க ஆசை வந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு, காலை நீட்டுகிற சாட்டில் எழுந்து போய்த் திரையை விலக்கிப் பார்த்தேன்.

எல்லார் முன்னாலும் வெள்ளைத் துணி விரித்து, பீங்கானில் சாப்பாடு இருந்தது. சம்மந்தி முன்னால் ஒன்றும் இல்லை. கட்டில் மாதிரி நீளுகிற அந்த இருக்கையில், தொழுகைக்கு இருப்பவர்போல முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். முகம், கல்யாண வீட்டில் பார்த்த அதே முகம்.

"என்ன சம்மந்தி, சாப்பிடல்லயா?"

"கேட்டா. வேணாண்டன். போயிட்டா." சற்றுப் பொறுத்து, "இஞ்சயும் ஒருக்காத்தான்" என்றார்.

பழச்சாறும் அப்படியே, ஈத்தம்பழமும் அப்படியே, சூப்பும் அப்படியே போயிருக்கிறது. இவர் வேணாம் என்றார், அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே நன்றி சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறாள். முறையான மனிதர் ஒருவர் பிஸ்னஸ் கிளாஸில் பட்டினி கிடக்கிறார்.

நான் கேசினியைத் தேடிப்பிடித்தேன். வேண்டாம் என்பவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றுதான் தங்களுக்குப் பயிற்சி தந்திருக்கிறார்கள் என்றாள்.

"மகள், அது மத்த ஆக்களுக்கு. இவர் வேணாமெண்டா போயிடாதீங்க. நில்லுங்க. திரும்பக் கேளுங்க. அவர் கோவப்படுற மாதிரி இரிக்கும், பயப்படாதீங்க. மூணாம் தரம் கேட்டுப் பாருங்க."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆகையால் நானே நடைபாதையில் நின்று செய்து காட்டினேன். சாப்பிடுங்க சம்மந்தி என்றேன். பசியில்லை என்றார். அப்படிச் செல்லாதீங்க என்றேன். வயிறு சரியில்லை என்றார். பக்கத்து இருக்கை வெள்ளைக்காரர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஹாஜறாவின் சொல் காதில் நின்றது.

"நீங்க தின்னாட்டி நானும் போய் என்ட தட்டைத் தொடமாட்டன், சம்மந்தி. ரெண்டு பேரும் பசியோடயே போய் பேரப்புள்ளையப் பாப்பம்."

சம்மந்தி பெருமூச்சு விட்டார். "நீங்க இவ்வளவு செல்றதால" என்றார். பிறகு கேசினியைப் பார்த்து, "அந்த சூப்பும் இரிக்கா, மகள்?" என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்து விமானம் குலுங்கியது. பெல்ட் விளக்கு எரிய, என்னைப் பின்னால் போகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் என் தட்டு இல்லை. ஆளைக் காணவில்லை என்று எடுத்துப் போய்விட்டார்களாம். பக்கத்துத் தடித்த மனிதர், பணிஸை மட்டும் தான் காப்பாற்றியதாகச் சொன்னார். எங்கே என்று கேட்டேன். தின்றுவிட்டாராம்.

விளக்கு அணைந்து கொஞ்ச நேரத்தில் திரை விலகியது. கேசினி ஒரு பீங்கானை மூடி எடுத்துக்கொண்டு அத்தனை வரிசையும் தாண்டி என்னிடம் வந்தாள். திறந்து காட்டினாள். ஆட்டிறைச்சி, பாதியாகப் பிரித்து, அவருடைய கையால் ஒதுக்கிய மாதிரி ஓரமாகச் சோறு.

"முன்னால இருக்கிற அங்கிள் தந்துவிட்டார். ஒரு சஹனில பாதி உங்களுக்காம். பிறகு, ஹஸன் என்கிறவரிட்ட சொல்லட்டாம், அந்த இறைச்சிக் கதைய அவர் இனி எடுக்கமாட்டாராம்" என்றாள். அவளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. பிழையில்லாமல் ஒப்புவித்தாள்.

பசியில் கண் இருண்டுகொண்டிருந்த நேரம். கை நீட்டி வாங்கியிருக்க வேண்டும். ஆனால் வாய் தன் பாட்டில், "வேணாம் மகள், அவரையே தின்னச் செல்லுங்க" என்றது.

சொன்ன பிறகுதான் என் முட்டாள்தனம் எனக்கு உறைத்தது.

கேசினி நகரவில்லை. பீங்கானைப் பிடித்தபடி, காலைச் சற்று அகட்டி வசதியாக நின்றுகொண்டாள்.

"பரவாயில்ல அங்கிள்" என்றாள். "நான் இன்னும் ரெண்டு தரம் கேட்கணும்."