திரி வேண்டாத மெழுகு

ராஜகுமாரி அரை நாள் லீவு சொல்லி, பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, ஓட்டமும் நடையுமாக அரவேணு எஸ்டேட் லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, புருஷன் முத்துராஜ் கட்டிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். டீ பேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்து வந்த மனுஷன் இந்நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருக்க வேண்டும். முழித்திருந்தது போதாதென்று சிரிக்கவும் செய்தான்.

“எல்லாத்துக்கும் வெச்சுட்டேன் புள்ள. ஒண்ணு விடல,” என்றான்.

மேஜையைப் பார்த்தாள். பலகை முழுக்க அவளுடைய மெழுகுக் கட்டிகள். நேற்று அச்சிலிருந்து எடுத்தபோது பூப்போல வழவழவென்று இருந்தவை. இப்போது ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பஞ்சுத் திரி விறைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் பேக்டரியில் சாக்குத் தைக்கிற கோணி ஊசி, நுனி கறுத்துக் கிடந்தது. அதை அடுப்பில் பழுக்கக் காய்ச்சித்தான் குத்தியிருக்கிறான். எவ்வளவு பொறுமை! வீட்டில் ஒழுகுகிற குழாய்க்கு ஒரு வாஷர் மாட்டச் சொன்னால் மாதக்கணக்கில் இழுக்கிறவனுக்கு, இதற்கு மட்டும் எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பொறுமை!

“எந்தலையில மண்ண வாரிப் போட்டுட்டீங்களே!” என்று கத்தினாள்.

முத்துராஜின் சிரிப்பு அப்படியே நின்றது. “ஏம்புள்ள? நீ திரி வெக்க மறந்துட்டயேன்னுதான...”

“மறந்துட்டனா? இத்தனை கட்டிக்குமா மறந்துட்டேன்?”

இது மெழுகுத்திரியே இல்லை. சின்ன மண்கிண்ணத்தில் ஒரு கட்டியைப் போட்டு, கிண்ணத்துக்கு அடியில் குட்டி விளக்கை ஏற்றி வைத்தால், கட்டி மெல்ல உருகி அறை முழுக்க வாசம் பரப்பும். எரிவது விளக்குதான், மெழுகு இல்லை. போனில் வரும் வீடியோதான் அவளுக்கு வாத்தியார். பொங்கல் கழிந்ததிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்து, அதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். முதல் தடவை மெழுகு கொதிக்கும்போதே வாசனைத் தைலத்தை ஊற்றிவிட்டாள். வாசமெல்லாம் ஆவியாகப் போய் லைன் முழுக்க மணத்தது, கட்டியில் ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த தடவை ஜன்னலைத் திறந்து வைத்து ஆறவிட்டாள். மலைக்குளிர் பட்டதில் அத்தனையும் பாளம் பாளமாக வெடித்தது. அப்புறம்தான் சூடு தணிய விட்டுத் தைலம் கலக்கவும், போர்வையைப் போர்த்தி ஆற வைக்கவும் பழகினாள். இவ்வளவும் நடந்தது இதே அறையில், இதே மனுஷனின் மூக்குக்கு நேராக.

அவள் ஒரு கட்டியை எடுத்து அலுமினியத் தட்டில் வைத்து, திரியைப் பற்ற வைத்தாள். பக்கென்று பிடித்த தீ கரும்புகை கக்கியது. கொஞ்ச நேரத்தில் கட்டி இடுப்பு ஒடிந்து சரிந்து, தட்டெல்லாம் ஓடி, திரி அதில் மிதந்துகொண்டே எரிந்தது. முத்துராஜ் இருமினான்.

“இதக் கொண்டுபோய் டூரிஸ்டுக்கு விக்கச் சொல்றீங்களா? ரூமுக்குள்ள பத்த வெச்சான்னா படுக்கையோட வேகட்டும்னா?” ஈரத் துணியைப் போட்டு அணைத்தாள். “வாய்ல என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? ‘ஏம்புள்ள, இதுக்குத் திரி உண்டா இல்லையா’ன்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

அவன் தலையைச் சொறிந்தான். “இல்ல புள்ள... நம்ம மருதாசலம் இருக்கான்ல. நேத்து பேக்கிங்ல அத்தன பேரு முன்னால கேக்கறான். ‘உம்பொண்டாட்டி மெழுகுத்திரி விக்கறாளாமா, அதுல திரியே இல்லையாமா’ன்னு. எல்லாஞ் சிரிச்சானுக. எனக்கு மானமே போச்சு.”

அதைக் கேட்டதும் அவளுக்கு உள்ளே என்னமோ அறுந்த மாதிரி இருந்தது. விவரம் தெரியாமல் ஆசையாகச் செய்துவிட்டான் என்றால்கூட அழுது தீர்த்திருப்பாள். இது ஆசை இல்லை. அவளுக்கு ஒத்தாசை பண்ணவும் இல்லை. மருதாசலத்தின் வாயை அடைக்கக் குத்தினது.

“ஓஹோ. உங்க மானம்,” என்றாள். “சரி, கிளம்புங்க.”

“எங்க?”

“கோத்தகிரிக்கு. ரிஜோ கடைக்கு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சரக்கு அலமாரில இருக்கோணும்னு சொல்லிருக்காரு. உங்க கைவேலைய நீங்களே வந்து காட்டுங்க.”

ரிஜோ பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீத்தூளும் தைலமும் பரிசுச் சாமானும் விற்கிற மலையாளி. சீசன் முழுக்க ஒரு அலமாரி அவளுக்கென்று ஒதுக்குவதாகச் சொல்லியிருந்தான். இந்த சீசனில் வியாபாரம் ஓடிவிட்டால் அவள் கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கலாம். அட்டைக்கடி வேண்டாம், மழையில் பிளாஸ்டிக் சாக்கைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம், கங்காணியிடம் பேச்சு வாங்க வேண்டாம். இதை நினைத்துத்தான் அவள் இடுப்பு வலியோடு இத்தனை நாளும் அடுப்படியில் நின்றாள்.

பஸ்ஸில் கட்டிகளை அடுக்கிய பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

கடையில் ரிஜோ பெட்டியைத் திறந்து ஒரு கட்டியைத் தூக்கிப் பார்த்தான். பிறகு அவளை விட்டுவிட்டு முத்துராஜைப் பார்த்தான். “இது என்ன சேட்டா? சாம்பிள்ல திரி இல்லையே?”

முத்துராஜ் அசடு வழியச் சிரித்தான். “புதுசுங்க. இப்பத்தான் கத்துக்கறா. தெரியாம வெச்சுட்டா.”

ராஜகுமாரி பெட்டியைக் கல்லாமேல் தொப்பென்று வைத்தாள். கடையில் சாக்லேட் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

“யாரு வெச்சா?” என்று கேட்டாள். “நல்லா வாயத் தொறந்து சொல்லு. யாரு வெச்சா?”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவனை நீ என்று அவள் சொன்னதில்லை. அவன் முகம் வெளுத்தது.

“நாந்தானுங்க,” என்றான் ரிஜோவிடம்.

“எதுக்கு வெச்ச? அதையும் சொல்லு.”

“சரி விடுங்க சேச்சி,” என்றான் ரிஜோ. “எனக்கு யாரு வெச்சா என்ன? திரியோட நான் வாங்க முடியாது. கடை மூடறதுக்குள்ள சரியாகலேன்னா, அலமாரிய சாக்லேட்காரங்க கேக்கறாங்க, கொடுத்துடுவேன். கோவிச்சுக்காதீங்க.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திரியைப் பிடித்து இழுத்தாள். வந்துவிட்டது. நடுவில் ஓட்டை, சுற்றிலும் ஊசி சுட்ட கறை. கறையை நகத்தால் சுரண்டினாள். ஓட்டைதான் அசிங்கமாக இருந்தது. பரிசுப் பெட்டிகளுக்கு மேலே கண்ணாடித்தாளைச் சுருக்குவதற்கு கையில் பிடித்து அனல் ஊதுகிற ஒரு சூட்டு மெஷினை ரிஜோ வைத்திருந்தான். கேட்டு வாங்கி அனலை லேசாகக் காட்டினாள். மேல்மெழுகு இளகி, ஓட்டைக்குள் இறங்கி மூடிக்கொண்டது. முன்புபோல வழவழப்பு இல்லை. ஆனாலும் கட்டி கட்டிதான்.

ரிஜோ எடுத்துப் பார்த்து, “இது போதும்,” என்றான்.

முத்துராஜ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் ஒதுங்கப் பார்த்தான்.

“அங்க எங்க போற? வாசப்படில உக்காரு. வெளிச்சம் நல்லா இருக்குது. ஒண்ணொண்ணா புடுங்கிச் சுரண்டிக் குடு.”

“ரோட்டுலயா? புள்ள, நம்ம பேக்டரி ஆளுக வர்ற நேரம்...”

“வரட்டும்.”

உட்கார்ந்தான். அவன் பிடுங்கிக் கொடுக்கக் கொடுக்க அவள் அனல் காட்டி ஆறவைத்து அடுக்கினாள். மேட்டுப்பாளையம் பஸ் போனது, குன்னூர் பஸ் வந்தது. போகிறவர்களும் வருகிறவர்களும் படியில் உட்கார்ந்து பஞ்சைப் பிடுங்கிக்கொண்டிருக்கும் பெரிய ஆம்பளையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். அலமாரியில் கடைசித் தட்டு மட்டும் காலியாக இருந்த நேரத்துக்கு, டிபன் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மருதாசலமே வந்து நின்றான்.

“என்ன மாப்ள, இங்க என்ன பண்ற?”

“சும்மாப்பா. ஒரு சின்ன வேலை.”

ராஜகுமாரி மெஷினை நிறுத்தினாள். “சொல்லு,” என்றாள் உள்ளேயிருந்து.

முத்துராஜ் கையிலிருந்த கட்டியையே பார்த்துக்கொண்டு பேசினான். “இதுக்குத் திரியே கெடையாதப்பா. எம்பொண்டாட்டி சரியாத்தான் பண்ணிருந்தா. நீங்கெல்லாஞ் சிரிச்சீங்கன்னு நாந்தான் குத்தி வெச்சு நாசம் பண்ணிட்டேன்.”

அவள் காத்திருந்தாள். மருதாசலம் சிரித்தால் மெஷினாலேயே அவன் மண்டையில் ஒன்று போடுவதாக இருந்தாள். அவன் சிரிக்கவில்லை. குனிந்து ஒரு கட்டியை எடுத்து மோந்து பார்த்தான். மறுபடியும் மோந்தான். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டான்.

“ஏனுங்க, தெரியாமத்தான் கேக்கறேன். திரியில்லாம இது எப்படிங்க வாசம் குடுக்கும்?”

இந்த ஊரில் அதைக் கேட்டவர்கள் யாருமில்லை. ரிஜோகூட ‘சரக்கு ஓடுமா’ என்றுதான் கேட்டான். காட்டுவதற்கென்று கொண்டுவந்திருந்த மண்கிண்ணத்தை எடுத்து வந்து, அடியில் விளக்கை ஏற்றி, மேலே ஒரு கட்டியை வைத்தாள். ஓரம் இளகத் தொடங்கியதும் வாசம் எழுந்து வாசல்வரை வந்தது.

“சூடு பட்டாப் போதுமுங்க. எரிக்க வேண்டியதில்ல. இது யூகலிப்டஸ், கூட லெமன்கிராஸ் சேத்திருக்கேன்.”

“அட!” என்றான் மருதாசலம். “நானென்னமோ மெழுகுத்திரின்னு நெனச்சு ஏதேதோ பேசிப்புட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.” அவனுடைய பஸ் ஹாரன் அடித்தது, ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

அவள் முத்துராஜுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“பாத்தியா? சிரிச்ச ஆளு அவுரு. வந்து நின்னாரு, கேட்டாரு. நீ பொங்கல்ல இருந்து எம்பக்கத்துல படுத்து எந்திரிக்கற.”

முத்துராஜ் வாயைத் திறந்தான்.

“இப்பக் கேக்காத,” என்றாள். “புடுங்கு.”

அவன் குனிந்து அடுத்த திரியைப் பிடித்து இழுத்தான்.