கடைசி வரிசைக்கும் புரியணும்

உளவியல் முதுகலை மாணவர்கள் அந்தப் பயிற்சியாளருக்கு வைத்த பெயர் கத்தரி. பத்திரிகையில் வருஷக்கணக்கில் குப்பை கொட்டிவிட்டு வந்தவர். ஆராய்ச்சியை நாலு பேருக்குப் புரிகிற மாதிரி சொல்லவும், அதை வைத்து ஒரு வேலையைப் பிடிக்கவும் சொல்லிக்கொடுப்பது அவர் பொறுப்பு. யார் வாயைத் திறந்தாலும் பாதி வாக்கியத்தை வெட்டிவிடுவார்.

அந்த மாணவர்களில் ஒருத்தி, வீட்டுக்கு இளையவளான சின்னவள், முதல் வகுப்பிலேயே மாட்டிக்கொண்டாள். "பராமரிப்பாளர் சுமைக்கும் உணர்வு மறைப்புக்கும் இடையிலான..." என்று ஆரம்பித்தவளைக் கத்தரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரும்மா அந்தப் பராமரிப்பாளர்? அவங்களுக்கு மூக்கு முழி ஏதாவது உண்டா?"

வகுப்பே சிரித்தது. சின்னவளுக்கு எரிச்சலாக இருந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களை வீடு வீடாகத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்திருந்தாள் அவள். யார் ரொம்ப நொந்துபோயிருந்தார்களோ அவர்கள்தான் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று முந்திக்கொண்டு சொன்னார்கள். அவள் கண்டுபிடித்தது அதைத்தான்.

பக்கவாதம் வந்த அம்மாவை வீட்டில் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவை மட்டும் சின்னவள் பேட்டி எடுக்கவில்லை. சொந்தக்காரர்களை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்பது துறையின் விதி. அந்த விதி அவளுக்கு ரொம்ப வசதியாகவும் இருந்தது.

பயிற்சியின் கடைசி நாளில் ஆளுக்கு ஐந்து நிமிடம் மேடை. வேறொரு நகரத்து மறுவாழ்வு மையத்தின் இயக்குநர் வந்து கேட்டு, ஒருவரை வேலைக்கு எடுத்துக்கொள்வார். சின்னவளுக்கு அந்த வேலை வேண்டும். அந்த நகரமும் வேண்டும். மருந்து வாடை இல்லாத ஓர் அறை வேண்டும் என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"புள்ளிவிவரத்தை மூட்டை கட்டி வை," என்றார் கத்தரி. "பத்து பேரைக் கலந்து ஒரே ஆளா ஆக்கு. பேர் வேண்டாம். ஆனா அந்த ஆள் என் கண்ணு முன்னாடி நிக்கணும். கடைசி வரிசைக்கும் புரியணும்."

சின்னவள் வகுப்பிலேயே உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தாள். கத்தரி படித்தார். ஒரு வரியைக்கூட வெட்டவில்லை.

கடைசி நாளன்று உளவியல் வாசனையே இல்லாத ஒருவரை வீட்டிலிருந்து கூட்டி வரவேண்டும் என்று ஏற்பாடு. பக்கத்து வீட்டு அத்தையை அம்மாவுக்குத் துணை வைத்துவிட்டு, இஸ்திரி போட்ட உடுப்பில் அக்கா வந்தாள். கடைசி வரிசையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தாள்.

சின்னவள் மேடையேறினாள். "ஒரு பெண். நின்னுகிட்டேதான் சாப்பிடுவாங்க. குளிக்கும்போது கதவைச் சாத்த மாட்டாங்க, கூப்பிட்டா காதில் விழணுமே. வீட்டுக்கு யாராவது வந்து 'எப்படி இருக்கே'ன்னு கேட்டா, கேட்டு முடிக்கிறதுக்குள்ள 'நல்லா இருக்கேன்'னு சொல்லிடுவாங்க..."

பாதி வழியில்தான் அவளுக்கே உறைத்தது. பத்து பேரைக் கலக்கவே இல்லை. அத்தனையும் ஒரே ஆள். நிறுத்த முடியவில்லை. பயிற்சி அப்படி, வாய் தானாகப் பேசி முடித்தது. இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார். சாயங்காலத்துக்குள் வேலை அவளுக்கென்று முடிவாகிவிட்டது.

பேருந்து நிறுத்தத்தில் அக்காவும் சின்னவளும் நின்றார்கள்.

"புரிஞ்சுதாக்கா?" என்றாள் சின்னவள்.

"நல்லாவே புரிஞ்சுது. நீ எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் இருந்திருக்கே." அக்கா சாலையையே பார்த்தாள். "பாவம், படிக்கிற பொண்ணு, கண்ணுல படலைபோலன்னு நினைச்சுத்தான்டி உன்மேல எனக்குக் கோபமே வராம இருந்துச்சு."



"வேலையில சேரு," என்றாள் அக்கா. "அம்மாவையும் கூட்டிட்டுப் போ."

"அக்கா, புது ஊரு... நான் வேலைக்குப் போயிட்டா..."

"ஆள் வச்சுக்கோ. இல்ல, நீயே பார்த்துக்கோ. எப்படிப் பார்க்கணும்னு உனக்குத் தெரியாததா?"

சின்னவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்த அறை கையை விட்டுப் போகிற கோபம். அது அடங்கியதும் வெட்கமாக இருந்தது. கடைசியில் பேரத்தில் இறங்கினாள். "ஆறு மாசம் நான், ஆறு மாசம் நீ?"

"சரி. முதல் ஆறு மாசம் உன்னுது."

"அம்மா இல்லாம நீ என்னக்கா பண்ணுவே?"

அக்கா யோசித்தாள். அப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"தூங்குவேன்," என்றாள்.

பேருந்து வந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டி திரும்புவதற்குள் தூங்கிப்போனாள். சின்னவள் அத்தைக்கு ஃபோன் போட்டு, வர நேரமாகும் என்று மெல்லிய குரலில் சொன்னாள். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. அவள் எழுப்பவில்லை.