தம்பி வைத்த வெள்ளைப் புள்ளி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. ராஜா ராணி கதை என்னிடம் இல்லை, ஒரு பெல்ட்டின் கதை இருக்கிறது. காலையில் தொடங்கி மாலைக்குள் முடிந்துவிடும். யாரும் சாகமாட்டார்கள், பயப்படாமல் கேளுங்கள்.

ஒரு ஷெட்டில் அக்காவும் தம்பியும் கார் பழுது பார்த்தார்கள். அக்கா குட்டை. தம்பி அவளைக் குள்ளக் கத்தரிக்கா என்பான். தம்பி நெட்டை. அவளுக்கு அவன் ஏணி. தம்பிக்குக் கல்யாணம் ஆயிற்று, அக்காவுக்கு ஆகவில்லை.

இஞ்சினுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. கீழே கிராங்க் சுற்றும். மேலே கேம் சுற்றி, வால்வுகளைத் திறந்து மூடும். இரண்டையும் பல் வைத்த பெல்ட் ஒன்று பிணைத்திருக்கும். பெல்ட் மாற்றும்போது கீழே உள்ள குறியும் மேலே உள்ள குறியும் ஒரே நேரத்தில் அதனதன் இடத்தில் நிற்க வேண்டும். ஒரு பல் தவறினால் வண்டி இருமும். இன்னும் தவறினால் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்து, இஞ்சின் பாழ்.

அதனால் அது இரண்டு பேர் வேலை. அக்கா கீழே படுத்துக் கிராங்கைத் திருப்புவாள். தம்பி மேலே குறியைப் பார்ப்பான்.

"வந்துச்சாடா?"

"வருது... வருது... ம்ஹும், தாண்டிடுச்சு. உனக்கு வந்த மாப்பிள்ளைங்க மாதிரியே."

"வாயை மூடிட்டுப் பாரு, ஏணி!"

ஆறு மாதத்துக்கு முன் தம்பிக்கு வேறு ஊரில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. அக்காவையும் கூப்பிட்டான்.

"பின்னாடி ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு. வந்துடுக்கா."

"சும்மா கிடக்குற ரூம்ல நானும் சும்மா கிடக்கவா?"

"சரி, தனியா ஒரு பெல்ட் மாத்திக் காட்டு. அப்புறம் கூப்பிடவே மாட்டேன்."

"தப்பாச்சுன்னா ஷெட்டைப் பூட்டிட்டு நானே வரேன்டா, போ."

வாக்குக் கொடுத்தாயிற்று. அதன்பின் பிரேக், ஆயில் என்று சில்லறை வேலையாகவே செய்துகொண்டிருந்தாள். பெல்ட் வேலை வந்தால் ஏதாவது சாக்குச் சொன்னாள். ஆனால் இன்று காலை பெல்ட் மாற்றத் தன் காரோடு வந்த நர்ஸம்மாவிடம் சாக்குச் சொல்ல முடியவில்லை. படுக்கையில் கிடப்பவர்களின் வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றுகிறவர் அவர்.

"நாலு வருஷம் முன்னாடி நீங்க ரெண்டு பேரும்தானேக்கா மாத்தினீங்க? நாலு மணிக்குள்ள குடுத்துடுங்க. ஒரு பெரியவர் காத்துக்கிட்டு இருப்பார்."

நர்ஸம்மா போனதும் தம்பிக்குப் போன் செய்து, இன்று பெல்ட் மாற்றப்போகிறேன் என்று சொன்னாள். "பெட்டியை எடுத்து வச்சுக்கோ" என்று அவன் சிரித்தான்.

பழைய பெல்ட்டைக் கழற்றியதும் வால்வு ஸ்பிரிங் தள்ளி, கேமின் பல்சக்கரம் சற்றே சுழன்றுவிட்டது. அதனால் என்ன? சக்கர விளிம்பில் போன தடவை தம்பி வைத்திருந்த வெள்ளைப் பெயிண்ட் புள்ளிதான் இருக்கிறதே. அதை இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டில் உள்ள கோட்டுக்கு நேராக நிறுத்தினாள். புது பெல்ட்டை மாட்டி, மூடியை மூடி, சாவியைத் திருகினாள்.

இஞ்சின் குளிர் ஜுரம் கண்டதுபோல் உதறியது. உடனே நிறுத்தினாள்.

ஷெட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஆணியில் தம்பியின் பழைய சட்டை. இரண்டு பேருக்கு வாங்கிய இரண்டு ஸ்டூல். 'அவ்வளவுதானா? இனி தம்பி பெண்டாட்டியின் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு, பேசினால் அதிகம், பேசாவிட்டால் உம்மணாமூஞ்சி என்று பேர் வாங்கிக்கொண்டு...' கேட்க ஆள் இல்லாததால் அழவும் இல்லை.

மூடியைத் திறந்தாள். கண்ணைச் சக்கரத்துக்கு நேராக வைத்து விளக்கடித்தாள். விளிம்பில் உறைந்த அழுக்கை நகத்தால் சுரண்டியபோது, வெள்ளைப் புள்ளிக்கு ஒரு பல் தள்ளி, இரும்பிலேயே வெட்டிய சின்னக் குறி தெரிந்தது. அதுதான் அசல்.

அப்படியென்றால் தம்பி தப்பாகவா வைத்தான்? நாலு வருஷம் வண்டி ஓடியிருக்கிறதே! மரப்பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு, அவன் வழக்கமாகச் சாய்ந்து நிற்கும் இடப்பக்கம் ஏறி, அவன் உயரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆகா! சக்கரத்துக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளி. அந்தக் கோணத்தில் பார்த்தால், அசல் குறி சரியாக நிற்கும்போது வெள்ளைப் புள்ளிதான் கோட்டுக்கு நேரே வந்து விழும். குனியச் சோம்பல்பட்டு, தன் கண்ணுக்கு நேர்ப்பட்ட இடத்தில் வைத்திருக்கிறான். அவன் நின்ற இடத்தில் அவன் உயரத்தில் நின்று பார்த்தால் மட்டுமே அது குறி. குள்ளக் கத்தரிக்காவுக்கு அது பொய்.

புள்ளியின் ஓரத்தில் அவன் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெட்ரோல் துணியால் துடைத்துவிட்டாள்.

பெல்ட்டைத் தளர்த்தி, அசல் குறிக்கு மாட்டினாள். கீழே படுத்துக் கொஞ்சம் திருப்பினாள். எழுந்து மேலே வந்து பார்த்தாள். மறுபடி படுத்தாள். மறுபடி எழுந்தாள். கிராங்க் இரண்டு சுற்று முடிவதற்குள் பதினொரு தடவை. ஒரு தடவை, பழக்கத்தில் வாய் "வந்துச்சாடா?" என்று கேட்டுவிட்டது. கேட்டுவிட்டு, பதிலுக்கு அவளே எழுந்து போய்ப் பார்த்தாள்.

வந்திருந்தது. இரண்டு குறியும்.

சாவியைத் திருகியதும் இஞ்சின் பால் குடித்த பிள்ளை மாதிரி சீராக மூச்சுவிட்டது. நாலு மணிக்கு வந்த நர்ஸம்மா காதைச் சாய்த்துக் கேட்டார். "நாடி நல்லா இருக்குக்கா" என்று சிரித்துவிட்டு, பெரியவரைப் பார்க்கப் புறப்பட்டார்.

ஐந்து மணிக்குத் தம்பி கூப்பிட்டான்.

"என்னக்கா, எத்தனை மணிக்கு பஸ்?"

"வண்டி ஓடுதுடா."



"மேல யாரு பாத்தது?"

"நான்தான்."

"கீழ?"

"அதுவும் நான்தான்."

"ஓ..." என்றான். "இங்க எல்லாத்தையும் மெஷினே பாத்துக்குதுக்கா. என்னை யாரும் எதுவும் கேக்கிறதில்ல. சரி விடு, அந்த ரூம்ல சாமான் போட்டுக்கறோம். ஆமா, என் வெள்ளைப் புள்ளி இருந்துச்சுல்ல?"

கையில் இருந்த துணியைப் பார்த்தாள். அதில் வெள்ளைக் கறை.

"இருந்துச்சுடா. அது இல்லேன்னா திண்டாடிப் போயிருப்பேன்."

அவன் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமாகச் சிரித்தான். போனை வைத்தபின் அவளுக்கு ஒன்று தோன்றியது. அவன் கை பட்ட எத்தனையோ வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி இருக்கும். ஒவ்வொன்றாக வரும். அவள்தான் துடைக்க வேண்டும். சொன்னபடி ஜெயித்துவிட்டாள். ஜெயித்தபின் அந்த ஷெட் காலையில் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

போய்வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டு வாசலில் கால்வைக்க இடமில்லாமல் செருப்புகள் கிடக்கட்டும். சாப்பிட உட்கார்ந்தால் 'தள்ளி உட்காரு' என்று சண்டை போடும் அளவுக்கு வீடு நிறைந்திருக்கட்டும்.